திரும்பும் ரயிலிலிருந்து தொடங்கும் நாள்

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு ராணிப்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போய், புத்தகக் காட்சியைப் பார்த்துவிட்டு, அன்றிரவே வீடு திரும்புகிறோம். 2019 இல் தொடங்கிய வழக்கம் இது. கொரோனாக் காலத்தில் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் விட்டுப்போயின. மற்றபடி 2025 வரை ஐந்து முறை போய்வந்திருக்கிறோம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஞாயிறு மட்டுமே விடுமுறை. சென்னையில் இரவு தங்கும் அளவுக்கு நெருங்கிய உறவினர் எங்களுக்கு இல்லை. விடுதியில் அறை எடுத்தால் புத்தகத்துக்கென்று ஆண்டு முழுவதும் சேர்த்த பணம் அறை வாடகைக்கே சரியாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே பகலுக்குள் முடித்தாக வேண்டும். அந்த ஒரு பகலை எப்படிச் செலவிடுவது என்று கற்றுக்கொள்வதற்குள் இரண்டு பயணங்களைக் கெடுத்துக்கொண்டோம். அந்த அனுபவம் எங்களைப்போல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குரிய நிலையம் வாலாஜா ரோடு. பெயரில் வாலாஜா இருந்தாலும் வாலாஜாப்பேட்டை ஊரைவிட்டுத் தள்ளித்தான் நிலையம் இருக்கிறது; விடியற்காலையில் அங்கே போய்ச் சேர முந்தைய நாள் மாலையே ஓர் ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்துவிட வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு இங்கேதான் வந்து நின்றது என்பதில் என் கணவருக்குத் தனிப் பெருமை. ஒவ்வோர் ஆண்டும் பிளாட்பாரத்தில் நின்றபடி அவர் பிள்ளைகளிடம் இதைச் சொல்வார். அவர்களும் முதன்முறையாகக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஜோலார்பேட்டையில் புறப்பட்டு வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் எங்கள் நிலையத்துக்கு ஆறரை மணியை ஒட்டி வருகிறது. அதே ரயில் மாலை 5.55க்கு சென்ட்ரலிலிருந்து திரும்பப் புறப்படுகிறது. வார நாள்களில் அது சீசன் டிக்கெட்காரர்களின் ரயில். அலுவலகம் போவோர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், முன்பதிவில்லாத பெட்டியிலும் நால்வருக்கும் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் சனிக்கிழமையைவிட ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

முதல் ஆண்டு நாங்கள் செய்த பிழையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. காலையில் எழும்பூர் அருங்காட்சியகம், பிறகு புத்தகக் காட்சி, அதற்குப் பிறகு தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பொங்கல் துணி, கடைசியாக மெரினா என்று நான்கு இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி எடுத்துப் போனோம். ஊரிலிருந்து பார்க்கும்போது சென்னை ஒரே இடமாகத் தெரிகிறது. உள்ளே போன பிறகுதான் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் நடுவில் சாலையைக் கடப்பதற்கும், டிக்கெட்டுக்கு நிற்பதற்கும், பிள்ளையைச் சிறுநீர் கழிக்க அழைத்துப் போவதற்கும் ஆகிற நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஆண்டு காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்தது, சென்ட்ரலிலிருந்து நந்தனத்துக்கு நேரே போகும் மெட்ரோ பாதையோ அதற்கு அடுத்த மாதம், 2019 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. ஆகவே சென்ட்ரலுக்கு எதிரே, எல்லோரும் பார்க் என்றே சொல்லும் பூங்கா நிலையத்துக்குச் சுரங்கப்பாதை வழியாகப் போய், மின்சார ரயிலில் சைதாப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். அருங்காட்சியகத்தில் அரை மணி நேரம், காட்சியில் ஒன்றரை மணி நேரம், ரங்கநாதன் தெருவில் மூச்சு முட்ட ஒரு மணி நேரம். மெரினாவுக்குப் போகவே இல்லை. மகன் என் தோளிலேயே தூங்கினான். ஊர் திரும்பிய பிறகு, என்ன பார்த்தாய் என்று மாமியார் கேட்டதற்கு மகள் சொன்ன விடை, "நிறைய ரயில் பார்த்தேன், ஆயா" என்பது.

இரண்டாம் ஆண்டு அந்தப் பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டு, வேறெங்கும் போகாமல் காட்சிக்கே நேராகப் போனோம். மெட்ரோவும் வந்துவிட்டிருந்தது, சென்ட்ரலில் ஏறினால் ஆறாவது நிலையம் நந்தனம், வண்டி மாறத் தேவையில்லை, இறங்கினால் பக்கத்திலேயே மைதானம். இவ்வளவு எளிதாகிவிட்டது என்ற மிதப்பே எங்களைக் கவிழ்த்தது. விடுமுறை நாள்களில் காட்சி காலை 11 மணிக்குத் திறக்கிறது. வேலை நாள்களில் பெரும்பாலும் பிற்பகலில்தான். நாங்கள் திறந்தவுடன் உள்ளே போய், நேரம் நிறைய இருக்கிறது என்ற நினைப்பில் வரிசை வரிசையாக ஒவ்வோர் அரங்கிலும் நின்றோம். கிளம்பலாம் என்று நான் சொன்னபோது மணி ஐந்து பத்து. வெளியே வரும் கூட்டத்தில் வாசலைக் கடக்கவே பத்து நிமிடம் ஆனது. மெட்ரோ நிலையத்தில் பைகளைச் சோதனை இயந்திரத்தில் வைத்து எடுக்கும் வரிசை, டிக்கெட் வரிசை, இறங்கியபின் சுரங்க நிலையத்திலிருந்து மேலே வந்து சென்ட்ரலின் பிளாட்பாரத்துக்குப் போகும் நடை. நாங்கள் போய் நின்றபோது ரயிலின் கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப் பிடிக்கலாம் என்று கணவர் ஓரடி எடுத்து வைத்தார். கையில் பிள்ளை, தோளில் புத்தக மூட்டை. நான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அன்று செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

பக்கத்திலேயே இருக்கும் மூர் மார்க்கெட் வளாக நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் அரக்கோணம் போனோம். என் அப்பா இளைஞராக இருந்தபோது ஊரிலிருந்து வந்து பழைய புத்தகம் வாங்கிய மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது. 1985 இல் அது தீக்கிரையானது. அந்த இடத்தில் நின்று புத்தக மூட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் ஒருநாளும் ரயிலைத் தவறவிட்டவர் அல்லர். அரக்கோணத்தில் நாங்கள் இறங்கிய நேரத்துக்கு மேலே போக வண்டி ஏதும் கிடைக்கவில்லை. நிலைய வாசலில் ஒரு வாடகைக் காரைப் பேசி வீடு வந்து சேர இரவு பதினொன்றை நெருங்கிவிட்டது. புத்தகங்களுக்குக் கிடைத்த 10 சதவீதத் தள்ளுபடி முழுவதையும் சேர்த்தாலும் அந்த வாடகையில் பாதிக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பயண நாளின் பொழுதை மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடத் தொடங்கினோம். ரயில் 5.55க்கு. உட்கார இடம் வேண்டுமானால் 5.15க்குப் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். அதற்கு 4.30க்கு நந்தனம் மெட்ரோ நிலையத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு 4 மணிக்குக் கடைசிப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். மீதி அரை மணி நேரம் ஒரு தேநீருக்கும் கழிப்பறைக்கும். கணவரின் கைபேசியில் 3.30க்கு ஒரு மணி, 4க்கு ஒரு மணி ஒலிக்கும்படி வைத்துவிடுகிறோம். முதல் மணி அடித்ததும் புதிய அரங்குக்குள் நுழையக்கூடாது. ஏற்கெனவே பார்த்து வைத்ததை வாங்க மட்டும் அனுமதி. மகள் இந்த விதியைத் தன் தம்பிக்கு மட்டும் கடுமையாகவும் தனக்குச் சற்றே தளர்த்தியும் நடைமுறைப்படுத்துகிறாள். இப்படிக் கணக்கிட்டால் காட்சிக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கிறது. சென்ட்ரலில் ஒன்பதை ஒட்டி இறங்கி 11 மணி வரை இருக்கும் காலைப் பொழுதில் ஓரிடம், ஒன்றே ஒன்று, பார்க்கலாம்.

அந்த ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆண்டுக்கு ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டோம். 2023 இல் மாமியாரும் வந்தார்; அவர் கேட்டது நடராஜர். அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவில் ரயில் திருவாலங்காட்டைக் கடக்கிறது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம் என்று அவர் சன்னல் வழியே கைகூப்பினார். அந்தத் திருவாலங்காட்டின் சோழர் காலச் செப்புத்திருமேனி நடராஜர் எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறார் என்று மகள் பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொல்லியிருந்தாள். சென்ட்ரலிலிருந்து எழும்பூர் மெட்ரோவில் அடுத்த நிலையம். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்துவிடலாம். மாமியார் வந்ததால் ஆட்டோ வைத்துக்கொண்டோம். 1851 இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் காலை 9.30க்குத் திறக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆறு கட்டடங்களையும் சுற்றும் ஆசையை அடக்கிக்கொண்டு நேரே செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போனோம். காலையில் கடந்து வந்த ஊரின் சாமி இங்கே கண்ணாடிக்குள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து மாமியார் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "பூ இல்லாம நிக்கிறாரே" என்றார். பிள்ளைகள் இருவரும் அந்த ஓர் அறையில் முக்கால் மணி நேரம் இருந்தார்கள். முதல் ஆண்டு முழுக் கட்டடங்களுக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்த நேரத்தைவிட அது அதிகம்.

ஆனால் முதியவர் உடன் வரும் ஆண்டில் மேலே சொன்ன கணக்கையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். மெட்ரோவில் மின்தூக்கி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நாம் இறங்கும் பக்கத்திலேயே அது இருக்கும் என்று சொல்ல முடியாது. காட்சி அரங்குக்குள் உட்கார இடமே கிடையாது என்று வைத்துக்கொள்வது நல்லது. மாமியார் ஒரு மணி நேரத்துக்குள் களைத்துவிட்டார். நானும் அவரும் வெளியே உணவுக் கடைகள் பக்கம் உட்கார்ந்துவிட, கணவர் பிள்ளைகளோடு போய்வந்தார். மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோயிருக்கலாம் என்று தோன்றியது. அடுத்த ஆண்டு அழைத்தபோது, "நீங்க போயிட்டு வாங்கம்மா, எனக்குப் பெரிய எழுத்துல ஒரு புத்தகம் வாங்கியாந்தா போதும்" என்று சொல்லிவிட்டார்.

2024 இல் மகனின் முறை. அவன் கேட்டது கடல். சென்ட்ரலுக்கு எதிரிலுள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கி மெரினாவுக்கு நடந்துவிடலாம் என்று தெரிந்துவைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் நிலையத்தில் ஆளே இல்லை. சென்னைக் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடும் பணிக்காக 2023 ஆகஸ்டிலிருந்தே பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. 2024 அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் கடற்கரை வரை ஓடத் தொடங்கியது. நாளிதழில் வந்த செய்திதான், நான்தான் கவனிக்கவில்லை. ஆட்டோவில் போய், ஈர மணலில் அரை மணி நேரம் விளையாடவிட்டு, ஈரத் துணியோடு நந்தனத்துக்குப் போனோம். கடலுக்குப் போவதானால் மாற்றுடையும் பழைய துண்டு ஒன்றும் வேண்டும், காலையில்தான் போக வேண்டும், புத்தகம் வாங்கிய பிறகு போகவே கூடாது. பயணத்துக்கு முந்தைய வாரம் எந்தப் பாதையில் என்ன வேலை நடக்கிறது, காட்சி எந்தத் தேதியில் என்று பார்த்துவிடுவது இப்போது என் பொறுப்பு. காட்சியின் தேதியும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது: 2023 இல் ஜனவரி 6 முதல் 22 வரை நடந்தது, அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து 2024 டிசம்பர் 27 அன்றே தொடங்கி 2025 ஜனவரி 12 அன்று முடிந்துவிட்டது. பொங்கல் முடிந்து போகலாம் என்று இருந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

அதே 2024 இல்தான் மகன் எங்கள் கையைவிட்டுப் போனான். நூற்றுக்கணக்கான அரங்குகள், எல்லா வரிசையும் ஒன்றுபோல் இருக்கும். நான் கணவரிடம் இருக்கிறான் என்று நினைத்தேன். அவர் என்னிடம் இருக்கிறான் என்று நினைத்தார். பத்து நிமிடத்துக்குக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லக் கணவர் ஓடினார். மகள்தான் முதலில் யோசித்து, அவன் சற்று முன் நகர மறுத்த சித்திரக்கதை அரங்குக்குத் திரும்பிப் போய், மேசைக்கடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்தாள். அவனுக்குத் தான் தொலைந்ததே தெரியாது. இப்போது இருவர் சட்டைப் பையிலும் எங்கள் இருவருடைய கைபேசி எண்களை எழுதிய அட்டை இருக்கிறது. உள்ளே நுழைந்தவுடன் வாசலருகே ஓரிடத்தைக் காட்டி, பிரிந்தால் தேடாமல் இங்கே வந்து நில் என்று சொல்லிவிடுகிறோம். யாருடைய கையில் யார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது: "இப்போது உங்களிடம்", "இப்போது என்னிடம்".

டிக்கெட் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். முன்பதிவில்லாத டிக்கெட்டை 199 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு எடுத்தால், எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அடுத்து வரும் முதல் ரயிலில் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஆகவே மாலை டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவைக்கும் யோசனை பலிக்காது. நாங்கள் 3.30 மணி அடித்தவுடன், காட்சியில் நின்றபடியே ரயில்வேயின் கைபேசிச் செயலியில் எடுத்துவிடுகிறோம். நிலையத்துக்குள் நுழைந்த பிறகு அதில் இப்படி எடுக்க முடியாது. திரையைப் படம் பிடித்து வைத்திருப்பது செல்லாது, செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும், எனவே கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிடாமல் ஒரு பவர் பேங்க் அவசியம். ஐந்து வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முடிந்து பன்னிரண்டு நிறையாதவர்களுக்கு முன்பதிவில்லாத பெட்டியில் அரை டிக்கெட். மகளுக்குப் பன்னிரண்டு முடிந்த ஆண்டில் அவள் முழு டிக்கெட்டை வாங்கித் தம்பியிடம் காட்டிக்கொண்டே வந்தாள். அதிவிரைவு ரயிலில் ஏற நேர்ந்தால் அதற்கான கூடுதல் கட்டணமும் டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு காலைக்கும் மதியத்துக்கும் வீட்டிலிருந்தே. காலைக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லி, சோளிங்கர் தாண்டியதும் பிரிப்போம். மதியத்துக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வாழையிலையில் கட்டி. தயிர்ச்சோறு ஒருமுறை பைக்குள் கசிந்ததோடு விலக்கப்பட்டுவிட்டது. காட்சியில் அகலமான டெல்லி அப்பளத்துக்கு மட்டும் பிள்ளைகளுக்கு அனுமதி உண்டு. அந்த எண்ணெய்க் கையோடு அரங்குக்குள் நுழைய அனுமதி இல்லை.

புத்தகத்தின் எடையை நாங்கள் வெகுநாள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அரங்கில் ஒவ்வொன்றாக வாங்கும்போது கனம் தெரிவதில்லை. மெட்ரோ படிகளில்தான் தெரிகிறது. இப்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 500 ரூபாய் உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அவரவர் வாங்கியதை அவரவர் சுமக்க வேண்டும். இந்த ஒரு விதி, விலையைப் பார்த்து வாங்கும் பழக்கத்தோடு அளவைப் பார்த்து வாங்கும் பழக்கத்தையும் கொடுத்துவிட்டது. அரங்குகள் கொடுக்கும் பைகளின் கைப்பிடி வழியிலேயே அறுந்துவிடும் என்பதால் வீட்டிலிருந்து மஞ்சப்பைகளைக் கொண்டுபோகிறோம். திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்து சேர்ந்தவை, எப்படியும் வீட்டில் முப்பது இருக்கும். நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்ய அகாதெமி ஆகியவற்றின் அரங்குகளுக்கும் பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்களுக்கும் முதலில் போய்விடுகிறோம், ஏனெனில் 500 ரூபாய் அங்கேதான் நீளமாக வருகிறது.

ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு, என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அன்று எதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை உள்ளபடியே எழுதிவைக்கிறேன்: சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவுக்குள் போக 25 நிமிடம், அருங்காட்சியகத்தில் ஒரு மணி 10 நிமிடம், காட்சி வாசலிலிருந்து மெட்ரோ வரை 20 நிமிடம் என்று. அடுத்த ஆண்டுத் திட்டம் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. 2025 ஆம் ஆண்டுப் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே மகள் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "தம்பி வாங்கிய உலக வரைபடச் சுருளை ரயிலில் நானே பிடித்துக்கொண்டு வந்தேன், அடுத்த முறை சுருட்டுகிற பொருள் எதுவும் வேண்டாம்."